கர்ப்பம் முதல் குழந்தையின் முதல் வருடம் வரை: மனசைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே உடம்புக்கு ஓர் அட்டவணை தயாராகிவிடுகிறது. எந்த வாரம் ஸ்கேன், எப்போது இரத்தப் பரிசோதனை, எந்த மாதம் தடுப்பூசி என்று எல்லாம் ஃபைலில் எழுதித் தருவார்கள். மனசுக்கு அப்படி யாரும் எழுதித் தருவதில்லை. “சந்தோஷமா இரு, டென்ஷன் ஆகாதே” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் அதை எப்படிச் செய்வது என்று சொல்வாரில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினை வருகிறது. அதில் பெரும்பகுதி மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது இன்னும் கூடுதல்: கர்ப்பத்தில் 15.6 சதவீதம், பிரசவத்துக்குப் பிறகு 19.8 சதவீதம். ஐந்து தாய்மாரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை “அவளுக்கு மனத் திடம் போதாது” என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

ஹார்மோனும் பரம்பரையும் நம் கையில் இல்லை. ஆனால் தூக்கம், கூட ஒரு ஆள், நேரத்தோடு கேட்கும் உதவி என்ற மூன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கலாம். அந்த ஏற்பாட்டைத் தாய் ஒருத்தியின் தலையில் கட்டாமல் வீடே எடுத்துச் செய்ய வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான். இதைத் தனியாகப் படிக்காமல் துணைவரோடு சேர்ந்து படித்தால் நல்லது.

படி 1: முதல் செக்கப்பிலேயே மனசின் வரலாற்றையும் சொல்லிவிடுங்கள்

சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு இருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். மனசைப் பற்றிக் கேட்காவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள். முன்பு எப்போதாவது மனச்சோர்வோ கடுமையான பதற்றமோ இருந்ததா, மருந்து சாப்பிட்டீர்களா, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ பிரசவத்துக்குப் பிறகு மனநிலை பாதித்ததா, முன்பு கரு கலைந்ததா, குழந்தை இறந்து பிறந்ததா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேசும் உரிமை உங்களுக்கு உண்டு.

இவற்றில் ஒன்றைத் தனியாக வலியுறுத்த வேண்டும். உங்களுக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு இருந்தால், பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் அது தீவிரமாகத் தலைதூக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். அதைப் பதிவு செய்து, ஒரு மனநல மருத்துவரையும் கர்ப்ப காலத்திலேயே பார்த்து வைப்பது அவசியம்.

மனநலத்துக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பம் என்று தெரிந்த மறுநாளே பயத்தில் நிறுத்திவிடுவதை நிறையப் பார்க்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் திரும்பலாம், அதனால் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல் வரும். வால்ப்ரோயேட் போலக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்துகளும் உண்டு, தொடரக்கூடிய மருந்துகளும் உண்டு. எது எந்த வகை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் அவரைப் பாருங்கள்.

இன்னொன்று. முதல் மூன்று மாதம் குமட்டலும் அசதியுமாகக் கிடக்கும்போது, ஊரே வாழ்த்தினாலும் உங்களுக்கு மகிழ்ச்சி பொங்காமல் இருக்கலாம். வேண்டித் தவமிருந்து பெற்ற கர்ப்பமாக இருந்தாலும் “இது இப்போது வேண்டுமா” என்ற எண்ணம் வந்து போகலாம். அதனால் குழந்தை மேல் பாசம் வராது என்று அர்த்தமில்லை.

படி 2: மாதம் ஒருமுறை இரண்டு கேள்வி

பரிசோதனை என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். மருத்துவர்கள் முதல் வடிகட்டலுக்குப் பயன்படுத்துவது இரண்டே கேள்விகள்.

கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, துக்கமாக, நம்பிக்கையிழந்து அடிக்கடி இருந்தீர்களா?

கடந்த ஒரு மாதத்தில், வழக்கமாகச் செய்கிற காரியங்களில் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் அடிக்கடி இருந்தீர்களா?

இரண்டில் ஒன்றுக்கு “ஆமாம்” என்றாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. மனநல மருத்துவர் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் 1987இல் வெளியிட்ட 10 கேள்விகள் அவை. கடந்த 7 நாட்களைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தைத் தொட்டால் கவனம் தேவை. 13ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது, ஐந்து நிமிடம் போதும்.

இந்த அளவுகோல் தாய்மார்களுக்கென்றே யோசித்துச் செய்யப்பட்டது. சாதாரண மனச்சோர்வுக் கேள்வித்தாளில் களைப்பு, பசியின்மை, தூக்கக் குறைவு எல்லாம் வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யாருக்குத்தான் களைப்பு இல்லை? அதனால் இதில் “தூக்கம் குறைந்ததா” என்று கேட்காமல், “மன வருத்தத்தால் தூங்க முடியாமல் போனதா” என்று கேட்டிருக்கிறார்கள். பத்தாவது கேள்வி, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதிலும் பூஜ்யம் வாங்கியிருந்தாலும், இந்தப் பத்தாவதுக்கு “எப்போதாவது” என்று பதில் வந்தால்கூட அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

கர்ப்பத்தில் மாதம் ஒருமுறையும், பிரசவத்துக்குப் பிறகு முதல் வருடம் முழுவதும் மாதம் ஒருமுறையும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். “பிரசவத்துக்குப் பிந்தைய” என்று பெயர் வைத்திருந்தாலும், அந்த மனச்சோர்வு பல பேருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தை பிறக்கட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தால் அந்த மாதங்கள் வீணாகும்.

படி 3: ஏழாம் மாதத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். குழந்தைக்குத் துணி, தொட்டில் எல்லாம் வாங்கி வைக்கிறோம். முதல் ஆறு வாரம் வீடு எப்படி நடக்கும் என்று பேசி வைப்பதில்லை. பிரசவத்துக்குப் பிறகு, தூக்கமில்லாத தலையோடு அதைப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். எனவே ஏழாம் மாதத்திலேயே, இருவரும் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதலில் இரவு. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான். தாயும் அதே துண்டுகளில் தூங்கினால் சில வாரங்களில் மனம் தளர்ந்துவிடும். தினமும் ஒருமுறையாவது நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க வழி வேண்டும். அதைத் தாளில் நேரம் போட்டே எழுதுங்கள். “உதவி பண்றேன்” என்பது போதாது. இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

“ஒன்பது மணி பால் முடிஞ்சதும் குழந்தையை என்கிட்ட கொடுத்துட்டு நீ அந்த ரூம்ல போய்ப் படு. கதவைச் சாத்திக்கோ. ரெண்டு மணிக்கு நானே வந்து எழுப்பறேன். நடுவுல அழுதா நான் பார்த்துக்கறேன்.”

இதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, நடுவில் அழுதால் யார் பொறுப்பு என்பதும் இருக்கிறது. தாய்ப்பால் மட்டும் கொடுப்பவர்கள் என்றால், ஒரு வேளைக்குப் பாலை எடுத்து வைக்கலாம். முதல் சில வாரங்களில் அது முடியாவிட்டால், குழந்தையைத் தாயிடம் கொண்டுவருவது, குடித்ததும் வாங்கி ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாவற்றையும் மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்து வீட்டு வேலை. சமையல், துணி, கடை, மூத்த பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பெயர் எழுதுங்கள். தாயின் பெயர் எதிலும் வரக்கூடாது. முதல் ஆறு வாரம் அவருக்கு இரண்டே வேலை: குணமாவது, குழந்தைக்குப் பாலூட்டுவது.

பிறகு பார்க்க வருபவர்கள். யார் எப்போது வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம், “இப்போது வேண்டாம்” என்று சொல்வது யார் பொறுப்பு என்று எழுதுங்கள். அந்தக் கடைசிப் பொறுப்பைத் துணைவர் எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிள்ளை பெற்றவள் சொன்னால் அது பெரிய பேச்சாகிவிடும்.

கடைசியாக, தாளின் அடியில் மூன்று தொலைபேசி எண்கள்: மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவர் அல்லது ஆலோசகர், நள்ளிரவில் கூப்பிட்டாலும் குறை சொல்லாமல் பேசுகிற ஒருவர். அந்த மூன்றாமவரிடம் இப்போதே கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள். “ராத்திரி கூப்பிட்டா எடுப்பியா?” என்று கேட்டு “எடுக்கிறேன்” என்று ஒரு பதில் வாங்கியிருந்தால், அவசரத்தில் கூப்பிடத் தயக்கம் இருக்காது.

தனியாகக் குழந்தை வளர்க்கப் போகிறவர்களுக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியம். துணைவர் இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று பேருடைய பெயர்கள் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். வாரத்தில் இரண்டு இரவு ஒரு தோழி வந்து தங்கினால்கூட நிலைமை மாறும்.

படி 4: முதல் இரண்டு வாரம், அழுகை வரும், வரட்டும்

நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஓரிரு நாட்களில் செங்குத்தாக இறங்கிவிடுகின்றன. அதோடு வலி, இரத்தப்போக்கு, பால் கட்டுதல், தூக்கமின்மை. மூன்றாம் நான்காம் நாளில் காரணமே இல்லாமல் கண்ணீர் கொட்டும். ஒரு நிமிடம் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார், அடுத்த நிமிடம் தேம்பி அழுவார். ‘பேபி ப்ளூஸ்’ என்று சொல்லப்படும் இது, பிரசவமான பெண்களில் பெரும்பாலானோருக்கு வருவது. இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். மருந்து தேவையில்லை. தூக்கம், சாப்பாடு, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். “அழாதே, பால் வற்றிவிடும்” என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள்.

குழந்தையைக் கையில் வாங்கியதும் பாசம் பெருக்கெடுக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சிலருக்கு அப்படி நடக்கும். பலருக்குக் களைப்பும் ஒரு மாதிரி மரத்துப்போன உணர்வும்தான் வரும். யாரோ ஒருவர் குழந்தையை நம்மிடம் விட்டுவிட்டுப் போனது போலக்கூடத் தோன்றும். பாசம் வாரக்கணக்கில் மெல்ல வளரலாம், அதுவும் இயல்புதான். வெற்று மார்பில் குழந்தையைச் சேர்த்து அணைத்து வைத்துக்கொள்வது அதற்கு உதவும். அப்பாவும் அப்படி அணைக்கலாம்.

படி 5: எப்போது கவலைப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாள் கணக்குதான் முதல் அடையாளம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் சோர்வும் குறையவில்லை, அல்லது கூடிக்கொண்டே போகிறது என்றால் அது பேபி ப்ளூஸ் இல்லை. குழந்தைக்கு ஐந்தாறு மாதமான பிறகு புதிதாகத் தொடங்கினாலும் கவனிக்க வேண்டியதுதான்.

மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. சிலருக்கு எரிச்சலாக வரும், தொட்டதற்கெல்லாம் கோபம். சிலருக்கு வெறுமை. “நான் இல்லாவிட்டால் இந்தக் குழந்தைக்கு வேறு நல்ல அம்மா கிடைப்பாள்” என்று நினைப்பவர்கள் உண்டு. வீடு சுத்தமாக, குழந்தை குளித்து மையிட்டு, எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்க, உள்ளே ஒன்றும் உணராமல் இயந்திரம் போல வேலை செய்துகொண்டிருப்பவர்களும் உண்டு. இவர்களைத்தான் சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

பதற்றம் வேறு விதம். குழந்தை தூங்குகிறது, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், தாய்க்கு மட்டும் கண் மூடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்க்கிறார். வருகிறது. படுக்கிறார். சரியாகப் பார்த்தோமா என்ற சந்தேகம். மறுபடி எழுகிறார். கிடைத்த தூக்க நேரம் முழுவதும் இப்படிப் போகிறது. தூங்க வாய்ப்பு இருந்தும் தூங்க முடியாமல் போவது, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் முக்கியமான அறிகுறி.

அடுத்து சொல்லப்போவதை யாரும் வெளியே பேசுவதில்லை, அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குழந்தையை மாடிப்படியில் தவறவிட்டுவிடுவேனோ, குளிப்பாட்டும்போது தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ, கத்தியை எடுத்தால் ஏதாவது செய்துவிடுவேனோ என்று திடீரென ஒரு காட்சி மனதில் வெட்டிச் செல்லும். தாய் நடுங்கிப்போவார். “நான் ராட்சசி” என்று நினைத்து யாரிடமும் சொல்லமாட்டார். தற்செயலாக ஆபத்து வந்துவிடுமோ என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லாப் புதுப் பெற்றோருக்கும் வருகிறது. தானே தீங்கு செய்துவிடுவது போன்ற வேண்டாத எண்ணம்கூட ஏறத்தாழப் பாதித் தாய்மார்களுக்கு வந்துபோவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள், அருவருக்கிறீர்கள் என்பதே அது உங்கள் விருப்பம் இல்லை என்பதற்குச் சான்று. வந்தால் வந்துபோகட்டும். அதற்குப் பயந்து குழந்தையைத் தூக்குவதையே தவிர்க்க ஆரம்பித்தாலோ, நாள் முழுக்க அதே ஓடினாலோ சிகிச்சை எடுங்கள், நன்றாகவே குணமாகும்.

இதிலிருந்து முற்றிலும் வேறானது, ‘போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ்’ எனப்படும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சிதைவு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று வரும். தூக்கமே இல்லாமல் துறுதுறுவென்று இருப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, குழப்பம், இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றோ அதற்குத் தீய சக்தி பிடித்திருக்கிறது என்றோ உறுதியாக நம்புவது எல்லாம் அடையாளங்கள். இங்கே அந்த எண்ணம் தாய்க்குச் சரியென்றே படும், பயமாகத் தோன்றாது. இது மருத்துவ அவசரநிலை. அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதுவரை தாயையும் தனியாக விடக்கூடாது, குழந்தையோடு தனியாகவும் விடக்கூடாது. விடிந்ததும் பார்க்கலாம், வேறு எங்காவது கூட்டிப்போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் முழுமையாக மீண்டு வருகிறார்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும் இதே அவசரம்தான். உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ இப்போதே அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

படி 6: டாக்டரிடம் என்ன சொல்வது

அறைக்குள் போனதும் வார்த்தை வராது. “எப்படி இருக்கீங்க?” என்றால் வாய் தானாக “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிடும். எனவே எழுதிக்கொண்டு போங்கள். “எனக்குக் குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. நான்கு வாரமாகத் தினமும் அழுகிறேன். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எதிலும் பிடிப்பு இல்லை. முன்பு இப்படி இருந்ததில்லை.” எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, என்ன மாறியிருக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பேச முடியாவிட்டால் தாளை நீட்டுங்கள். குழந்தையைக் காட்டப் போகும் மருத்துவரிடம்கூடச் சொல்லலாம், வழி காட்டுவார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரையின்படி, பிரசவத்துக்குப் பிறகு முதல் 24 மணி நேரத்திலும், 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், 7 முதல் 14 நாட்களுக்குள்ளும், ஆறாம் வாரத்திலும் தாயையும் சேயையும் பார்க்க வேண்டும். இந்த நான்கு சந்திப்பிலும் பேச்சு குழந்தையின் எடையிலேயே முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். இரத்தச்சோகையும், பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு அழற்சியும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். பால் சுரக்கத் தொடங்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் காரணமில்லாத துக்கம் அடைத்துக்கொண்டு வந்து, சில நிமிடங்களில் விலகிவிடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அது பால் சுரப்போடு சேர்ந்து உடம்பில் நடக்கும் ஒரு மாற்றம், மனச்சோர்விலிருந்து வேறுபட்டது.

மிதமான நிலைக்குப் பேச்சு சிகிச்சையே முதல் தேர்வு. எண்ணங்களையும் பழக்கங்களையும் சீராக்குவது ஒரு முறை, உறவுகளில் ஏற்பட்ட மாற்றத்தைக் கையாளக் கற்றுத்தருவது இன்னொரு முறை. இரண்டும் பலன் தருவதாக நிரூபிக்கப்பட்டவை. இதற்குப் பெரிய வசதி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் அதிஃப் ரஹ்மான் தலைமையில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு அது. மனநல மருத்துவர்கள் யாரும் போகவில்லை. ஏற்கெனவே வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய் அவர்கள் முறைப்படி பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அந்தப் பெண்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு நீடித்தது. வழக்கமான வீட்டுச் சந்திப்பு மட்டும் பெற்றவர்களில் அது 53 சதவீதம். பின்னாளில் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைக் கையேடாக வெளியிட்டது. பயிற்சி பெற்ற ஒருவர் வீடு தேடி வந்து தொடர்ந்து பேசினாலே இவ்வளவு மாற்றம் வருகிறது.

நிலைமை கடுமையென்றால் மாத்திரை தேவைப்படும். தாய்ப்பால் கொடுக்கிறோமே என்ற பயத்தில் பலர் மறுத்துவிடுகிறார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே சேர்வதால், பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் நீண்ட காலமாகக் கொடுத்துவருகிறார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சில சமயம் கூடுதலாகவும் ஆகலாம். முதல் வாரத்திலேயே “ஒன்றும் மாறவில்லை” என்று விட்டுவிடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றியதும் நிறுத்திவிடவும் கூடாது. அமெரிக்காவில் 2023இல், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே 14 நாட்கள் மட்டும் சாப்பிடும் சுரானலோன் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. எல்லா நாடுகளிலும் அது இன்னும் கிடைப்பதில்லை.

படி 7: அன்றாடம் செய்யக்கூடியவை

குழந்தையின் அழுகையிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் குறையும். ஆரோக்கியமான குழந்தையும் எதற்கும் அடங்காமல் மணிக்கணக்கில் அழும். அது உங்கள் வளர்ப்பின் குறை இல்லை. ஆத்திரம் தலைக்கேறினால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். முகத்தைக் கழுவுங்கள், யாரையாவது கூப்பிடுங்கள், பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் போங்கள். அழுகிற குழந்தை பத்து நிமிடம் தனியே இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் குலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும், உயிரே போகலாம். இதைக் குழந்தையைத் தூக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

களைப்பாக இருக்கும்போது சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்காதீர்கள். அப்படியே தூங்கிப்போனால் குழந்தைக்கு ஆபத்து.

டாக்டர் சரி என்றதும் நடக்கத் தொடங்குங்கள். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆரம்பத்தில் அதை நினைத்து மலைக்க வேண்டாம். வெயில் படுகிற இடத்தில், குழந்தை இல்லாமல், பத்து நிமிடம் நடந்தாலே போதும்.

தாய்ப்பால் பற்றி ஒரு வார்த்தை. வலியும் பால் போதவில்லையோ என்ற கவலையும் மனசை வாட்டும். பாலூட்டல் ஆலோசகர் ஒருவரை முதல் வாரத்திலேயே பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முயன்றும் முடியாமல் போய், டாக்டரின் யோசனைப்படி ஃபார்முலா பால் கொடுக்கிறீர்கள் என்றால் தலைகுனிய எதுவும் இல்லை. உடைந்துபோன அம்மாவும் தாய்ப்பாலும் என்பதைவிட, தெம்பான அம்மாவும் ஃபார்முலாவும் குழந்தைக்கு நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எல்லாக் கணமும் குழந்தையின் தேவையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தவிக்கிறவர்களுக்கு, எட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் கண்டது ஆறுதலாக இருக்கும். நன்றாகப் பழகும் தாய் சேய் இடையேகூட ஒருவர் உணர்வு மற்றவரோடு இசைந்திருக்கும் நேரம் 30 சதவீதம்தான். மீதி நேரம் விலகுவதும் மறுபடி சேர்வதுமாகப் போகிறது. அப்படித் திரும்பச் சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது.

படி 8: அப்பாவும் சோர்ந்து போவார்

புதிதாக அப்பா ஆனவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வருவதாக, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான அறிக்கை சொல்கிறது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதமாகும்போது அது அதிகம். ஆண்களிடம் இது அழுகையாகத் தெரிவது குறைவு. வீட்டுக்கு வரத் தாமதிப்பது, வேலையிலேயே மூழ்குவது, சிடுசிடுப்பு, குடி கூடுவது என்றுதான் தெரியும். தாய்க்கு மனச்சோர்வு இருக்கும் வீட்டில் தந்தைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். படி 2இல் சொன்ன அந்த இரண்டு கேள்விகளை அவரும் கேட்டுக்கொள்ளட்டும்.

துணைவராக இருப்பவருக்கு ஒரு வேண்டுகோள். “உனக்கு என்ன குறை?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. “இன்னைக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் வரும்போது தீர்வு சொல்ல அவசரப்படாமல் முழுதாகக் கேளுங்கள். டாக்டரிடம் நேரம் வாங்குவது, கூடப் போவது, அந்த நேரம் குழந்தையை யார் பார்ப்பது என்று ஏற்பாடு செய்வது எல்லாம் உங்கள் வேலை. மனச்சோர்வில் இருப்பவருக்குப் போனை எடுத்து எண்ணைத் தட்டுவதுகூட மலையேறுவது போல இருக்கும்.

படி 9: பிரசவமே காயமாகிவிட்டால்

உயிருக்கு ஆபத்தான பிரசவம், அவசர அறுவை சிகிச்சை, வலியில் துடிக்கும்போது கிடைத்த ஏச்சு, குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தை. இவற்றுக்குப் பிறகு அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதும், கனவில் அலறி எழுவதும், மருத்துவமனைப் பக்கமே போகப் பயப்படுவதும் அதிர்ச்சியின் விளைவுகள். “குழந்தை நல்லாயிருக்கே, அப்புறம் என்ன?” என்று சொல்லி அதை மூடிவிடாதீர்கள். அன்று என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தார்கள் என்று மருத்துவமனையில் விளக்கம் கேட்கலாம். அதிர்ச்சிக்கென்றே தனியான பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன.

குழந்தையை இழந்தவர்களுக்கும் பால் சுரக்கும், ஹார்மோன் இறங்கும், தூக்கம் கெடும். கையில் குழந்தை இல்லாததால் செக்கப்புக்குக் கூப்பிடுவார் இல்லாமல் போகலாம். அவர்களையும் அதே அக்கறையோடு, அதே மாதக் கணக்கில் விசாரிக்க வேண்டும். அதன் பிறகு மறுபடி கருவுற்றால் பயம் ஒவ்வொரு வாரமும் கூடவே வரும். அப்போது செக்கப்புகளை நெருக்கமாக வைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை.

படி 10: வேலைக்குத் திரும்புவதும் அடுத்த குழந்தையும்

விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும் முதல் சில வாரங்களில், தணிந்திருந்த பதற்றம் திரும்பலாம். முடிந்தால் வாரத்தின் நடுவில் வேலையில் சேருங்கள், முதல் வாரம் இரண்டு மூன்று நாளோடு முடியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் ஒரு வாரம் முன்பே சில மணி நேரம் விட்டுப் பழக்குங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேலைக்குத் திரும்பும் அதே மாதத்தில் அதைக் குறைக்க வேண்டாம். கொஞ்சம் நிலைபெற்ற பிறகு டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம்.

ஒருமுறை பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்தவர்களுக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மனச்சிதைவு வந்திருந்தால் அந்த வாய்ப்பு மிக அதிகம். அதற்காக அடுத்த குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுக்கத் தேவையில்லை. எப்போது தொடங்கியது, முதல் அறிகுறி என்ன, எந்த மருந்து எந்த அளவில் கேட்டது, யாருடைய உதவி பயன்பட்டது என்று இப்போதே எழுதி மருத்துவச் சீட்டுகளோடு வைத்துவிடுங்கள். மனச்சோர்வு வந்தவர்கள் அடுத்த கர்ப்பத்தின் முதல் செக்கப்பிலும், மனச்சிதைவு வந்தவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பேயும் அதை மனநல மருத்துவரிடம் காட்டி, பிரசவ நாளிலிருந்து என்ன செய்வது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.